வீடியோ காலில் தெரியாத முதுகு

ஜும்ஆ முடிந்த கையோடு துபாயிலிருந்து மூத்த மகன் வீடியோ காலில் வருவார். கோலாலம்பூரில் இருக்கும் இளையவரும் சேர்ந்துகொள்வார். சென்னைப் புறநகரில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்தில், உம்மாவுக்குத் தலைவாரி, வெள்ளைத் துப்பட்டி போட்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். "நல்லா இருக்கீங்களா உம்மா?" என்று கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன் வாப்பா. நீ சாப்பிட்டியா?" என்று பதில் வரும். ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடம். மாதக் கட்டணம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளும் நிம்மதியாக இருந்தார்கள்.

நோன்பு மாதத்தில் விடுமுறைக்கு வந்த மூத்த மருமகள் மாமியைப் பார்க்கப் போனார். உடை மாற்ற உதவியபோதுதான் அவர் கண்ணில் பட்டது. இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு ஒரு படுக்கைப்புண். இரண்டு குதிகால்களும் கறுத்துப் போயிருந்தன. அலுவலகத்தில் கேட்டதற்கு, "வயசானவங்களுக்கு இதெல்லாம் வரத்தான் செய்யும்மா" என்றார்கள்.

இது நாம் நேரில் அறிந்த ஒரு குடும்பம். அந்த இல்லத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயரைச் சொல்லிவிட்டால், 'நம்ம உம்மா இருக்கிற இடம் அது இல்லையே' என்று மற்றவர்கள் நிம்மதியாகிவிடுவோம். கேள்வி எல்லா இல்லங்களுக்கும், அங்கே பெற்றோரை விட்டிருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது.

படுக்கைப்புண் பெரும்பாலும் முதுமையால் மட்டும் வருவதில்லை. தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை ஒரே நிலையில் விட்டுவைத்தால் வருகிறது. எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் செத்துப்போகிறது. அது உருவாகச் சில மணி நேரம் போதும், ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். ஆகவேதான் படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது செவிலியர் பயிற்சியின் பாலபாடமாக இருக்கிறது. ஈரமான டயப்பர், குறைவான தண்ணீர், சத்தில்லாத சாப்பாடு ஆகியவை சேர்ந்தால் புண் இன்னும் வேகமாக வரும். ஓர் இல்லத்தில் ஒருவருக்கு வந்தால் தற்செயல் என்று கொள்ளலாம். பலருக்கு வந்தால் அங்கே இரவில் யாரும் எழுந்து வருவதில்லை என்று பொருள்.

நம் ஊரில் 'நர்சிங் ஹோம்' என்றால் சின்ன தனியார் மருத்துவமனை என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். நாம் இங்கே பேசுவது அதைப் பற்றியல்ல. எழுந்து நடக்க முடியாத, நினைவு தப்பிய, பக்கவாதம் வந்த முதியவர்களை மாதக் கட்டணத்துக்குத் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களைப் பற்றி.

'முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் தாய் தகப்பனை இல்லத்தில் விடமாட்டார்கள்' என்பது நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் பெருமை. பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தைக் கேட்காத ஜும்ஆ உண்டா? அந்தக் கடமையில் நமக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் நிலைமை மாறிவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். அது 2031இல் 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. இரண்டு மூன்று பிள்ளைகள், எல்லோரும் சபரில், ஊரில் பூட்டிய வீடு. அத்தாவுக்கு டிமென்ஷியா வந்து இரவில் கதவைத் திறந்து வெளியே போய்விடுகிறார். உம்மாவுக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. அவரால் எத்தனை இரவு விழித்திருக்க முடியும்? இப்படி வேறு வழி தெரியாமல் இல்லத்தை நாடிய குடும்பங்கள் நம் மஹல்லாக்களிலும் இருக்கின்றன. வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அந்த வெளியில் சொல்லாமை இருக்கிறதே, அதுதான் ஆபத்து. வெட்கப்படுகிற குடும்பம் இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் யாரிடமும் விசாரிப்பதில்லை. சேர்த்த பிறகு அடிக்கடி போவதுமில்லை. ஏதாவது தவறு கண்ணில் பட்டாலும் புகார் செய்யத் தயங்குகிறது. புகார் செய்தால் 'உங்க உம்மாவை எங்கே வெச்சிருக்கீங்க?' என்ற கேள்வி ஊரில் வந்துவிடுமே! மோசமான இல்லம் ஒன்றுக்கு இதைவிடத் தோதான வாடிக்கையாளர் கிடைப்பாரா?

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் வெளிவந்த விவகாரம் பலருக்கும் நினைவிருக்கும். அது வெளிவந்ததற்குக் காரணமே நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு முதியவர்தான். அங்கிருந்த ஆசிரமத்தில் சேர்க்கப்பட்டிருந்த அவரைப் பார்க்க வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர் முயன்றபோது, 'பெங்களூருவில் உள்ள வேறோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம்' என்று பதில் வந்தது. அங்கே போய்ப் பார்த்தால் அவர் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. அதன் பிறகுதான் அதிகாரிகள் உள்ளே போனார்கள். உரிய உரிமம் இல்லாமல் அந்த இடம் பல ஆண்டுகளாக நடந்து வந்தது தெரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அடி, உதை, பாலியல் கொடுமை என்று குற்றச்சாட்டுகள் வந்தன. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

அத்தனை பேர் அடைபட்டிருந்த ஓரிடத்தின் கதவைத் திறந்தது எந்தத் துறையின் ஆய்வும் அல்ல, ஒரு உறவினரின் பிடிவாதம். 'அனுப்பிவிட்டோம்' என்ற பதிலை அவர் ஏற்றுக்கொண்டு திரும்பிப் போயிருந்தால்?

சட்டம் இல்லாமலில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டு முதியவர்கள் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, பார்க்காவிட்டால் ரத்து செய்ய 23ஆம் பிரிவு வழி செய்கிறது. முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்று என, 150 ஏழை முதியவர்கள் தங்கும் அளவுக்கு அரசு இல்லங்கள் அமைக்கலாம் என்கிறது 19ஆம் பிரிவு. 'அமைக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'அமைக்க வேண்டும்' என்று இல்லை. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை மாவட்டங்கள் தப்பித்துக்கொள்ள முடியும்!

இந்தச் சட்டத்தின் பார்வை பெரும்பாலும் பிள்ளைகள் மீதுதான். கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் தனியார் பராமரிப்பு இல்லத்தில் இரவில் எத்தனை பேர் பணியில் இருக்க வேண்டும், அவர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பதில் அதற்கு அதே அக்கறை இல்லை. இல்லங்களையும், வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களையும் பதிவு செய்ய வைத்து, குறைந்தபட்சத் தரம் நிர்ணயிக்க ஒரு திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்டது. நிலைக்குழுவுக்குப் போனது. அந்த மக்களவை கலையும் வரை சட்டமாகவில்லை. முதியோர் இல்லம் சமூக நலத்துறையைச் சேர்ந்தது, மருத்துவமனை சுகாதாரத்துறையைச் சேர்ந்தது. மூக்கில் குழாய் போட்டு உணவு கொடுக்கும் ஒரு நோயாளியை வைத்திருக்கும் இல்லம் எதைச் சேர்ந்தது? இரண்டு துறைகளுக்கும் நடுவில் உள்ள அந்தச் சந்தில்தான் நம் பெற்றோர் படுத்திருக்கிறார்கள்.

இந்தப் பிரச்சினையை வேறொரு நாடு எப்படிக் கையாண்டது என்று பார்ப்பது பயன் தரும். ஆஸ்திரேலியாவில் இல்லங்களில் நடக்கும் கொடுமைகள் பற்றிப் புகார்கள் பெருகியதும் 2018இல் அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். 2019இல் வந்த அதன் இடைக்கால அறிக்கைக்கு வைத்த தலைப்பு ஒரே சொல்: 'புறக்கணிப்பு'. 2021இல் இறுதி அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து வந்த மாற்றங்களில் நம் கவனத்தை ஈர்ப்பது ஒன்று. பராமரிப்பை நிமிடக் கணக்கில் அளக்க ஆரம்பித்தார்கள். இன்றைய விதிப்படி, தங்கியிருக்கும் ஒருவருக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 215 நிமிட நேரடிக் கவனிப்பு கிடைக்க வேண்டும். அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற செவிலியருடையதாக இருக்க வேண்டும். 24 மணி நேரமும் பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் வளாகத்தில் இருக்க வேண்டும். எல்லா இல்லங்களும் இந்த இலக்கை எட்டிவிடவில்லை. ஆனால் எது எட்டியது, எது எட்டவில்லை என்பது குடும்பத்தாருக்குத் தெரிகிறது.

இதே கணக்கை நம் ஊர் இல்லம் ஒன்றுக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது பேர் தங்கியிருக்கிறார்கள், இரவு எட்டு முதல் காலை ஆறு வரை ஓர் ஆயா என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரம் என்றால் 600 நிமிடம். அவர் ஒரு நொடி கண்ணயராமல் வேலை செய்தாலும் ஆளுக்கு 20 நிமிடம்தான். முப்பது பேரில் எட்டுப் பேர் படுத்த படுக்கை என்றால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவதற்கே 40 தடவை போக வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் என்றால் 400 நிமிடம் அதிலேயே போய்விடும். மீதி இருக்கும் 22 பேரில் ஒருவர் கழிப்பறையில் வழுக்கி விழுந்தால் கணக்கு முடிந்தது. அந்த ஆயா கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. குறைந்த சம்பளத்துக்கு ஒரு மனுஷியால் செய்ய முடியாத வேலையைக் கொடுத்துவிட்டு, அவரைத் திட்டுவதில் என்ன நியாயம்? சில இடங்களில் மாலை மயங்கியதும் தூக்க மாத்திரை கொடுக்கும் பழக்கம் தொற்றிக்கொள்வதும் இந்தக் கணக்கினால்தான். எல்லோரும் தூங்கிவிட்டால் ஒருவர் போதுமே!

ஆகவே இல்லம் பார்க்கப் போகும்போது வரவேற்பறை சோபாவையும் தோட்டத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். தொழுகை அறை இருக்கிறதா, ஹலால் சாப்பாடா என்று நம்மவர்கள் கட்டாயம் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ராத்திரி எத்தனை பேர் பணியில் இருப்பார்கள், அவர்களில் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லோரும் நர்ஸ் ஆகிவிட மாட்டார். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மாதா மாதம் எடை பார்த்து எழுதி வைக்கிறார்களா? எடை குறைந்துகொண்டே போவது நாம் வாயால் கேட்டு அறிய முடியாத பல விஷயங்களைச் சொல்லிவிடும். அறைக்குள் போனதும் மூக்குக்கு என்ன தெரிகிறது, தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, பல்செட் வாயில் இருக்கிறதா அல்லது அலமாரியில் தூங்குகிறதா என்பதையெல்லாம் கவனியுங்கள். புதிதாக என்ன மாத்திரை சேர்த்தார்கள், எந்த மருத்துவர் எழுதினார் என்று சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

ரமளானைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் நோன்பு வைத்தே தீருவேன் என்று அடம்பிடிப்பார்கள். வீட்டில் இருந்தால் மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு ஏதாவது முடிவுக்கு வருவோம். இல்லத்தில் அது யாருடைய பொறுப்பு? சஹரில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அஸர் நேரத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆளில்லை என்றால், அந்த நோன்பாளி மயங்கிக் கிடப்பது இஃப்தாருக்குத் தட்டு கொண்டுவரும்போதுதான் தெரியும். ரமளான் பிறக்கும் முன்பே இதை இல்லத்தோடு பேசி எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. படுக்கையில் இருப்பவருக்குத் தயம்மும் செய்ய உதவி, மவுத்து நேர்ந்தால் உடனே யாருக்குத் தகவல், எந்த ஜமாஅத் மையித்தைப் பொறுப்பேற்கும் என்பதையும் சேர்க்கும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிடலாம். அபசகுனமாக நினைத்து இதைத் தள்ளிப்போடும் குடும்பங்களே அதிகம்.

'நாங்க இல்லத்துல விடலை, வீட்டுலயே ஆள் போட்டிருக்கோம்' என்பவர்களுக்கும் இது பொருந்தும். ஏஜென்சி அனுப்பும் 'ஹோம் நர்ஸ்' பல சமயம் பத்து நாள் பயிற்சிகூட இல்லாத ஏழைப் பெண். பூட்டிய வீட்டுக்குள் இருபத்து நான்கு மணி நேரமும் அவரும் உம்மாவும் மட்டும். இல்லத்திலாவது பக்கத்துக் கட்டிலில் ஒரு சாட்சி இருப்பார்.

ஜமாஅத்கள் இதில் செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கிறோம், சந்தா பதிவேடு வைத்திருக்கிறோம். மஹல்லாவில் தனியாக இருக்கும் முதியவர் யார், இல்லத்தில் இருப்பவர் யார் என்று ஒரு பதிவேடு இருக்கிறதா? பக்கத்தில் உள்ள இல்லங்களுக்கு மாதம் இருமுறை, இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும் முன்னறிவிப்பு இல்லாமல் போய் வந்தால் போதும். நம்மவர்களை மட்டும் பார்க்காமல் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பெயர் தெரியாத பாட்டியிடமும் இரண்டு வார்த்தை பேசினால், அந்த இல்லத்தின் நடப்பே மாறும். யாரோ வருவார்கள் என்ற எண்ணம் உள்ளே இருப்பவர்களின் கைகளுக்கு வந்துவிடும். உள்ளே விட மறுத்தாலோ, சந்தேகப்படும்படி ஏதாவது கண்டாலோ மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். முதியோர் உதவி எண் 14567.

அந்த உம்மாவை வேறோர் இல்லத்துக்கு மாற்றினார்கள். கட்டடம் பழையது, தோட்டம் கிடையாது, ஆனால் இரவில் மூன்று பேர் இருக்கிறார்கள். புண் ஆற ஐந்து மாதம் பிடித்தது. தாம்பரத்தில் இருக்கும் தங்கை மகள் வாரத்துக்கு ஒருமுறை, நாளும் நேரமும் சொல்லாமல் போய் வருகிறார். அவருடைய ஆட்டோ செலவை துபாய் மகன் அனுப்பிவிடுகிறார். முதல் தடவை கேட்டில் இருந்தவர், "இப்ப பார்வையாளர் நேரம் இல்லையேம்மா" என்றாராம். இவர் நகராமல் அங்கேயே நின்றிருக்கிறார். கால் மணி நேரத்தில் உள்ளே விட்டார்கள். இப்போது கேட்பதே இல்லை.