ஓரங்குலம் ஓரங்குலமன்று

வீட்டு விசேடங்களைப் படமெடுப்பதற்கென்று வீடியோக் கமெரா ஒன்றை வாங்க விழைவோரைக் கடைவாயிலில் முதன்முதல் எதிர்கொள்வது இலக்கங்களின் படையெடுப்பே. இத்தனை மெகாபிக்சல், இத்தனை மடங்கு ஸூம் என்று விற்பனையாளர் அடுக்கிக்கொண்டே போவார். ஆனால், வில்லைக்குப் பின்னே அமர்ந்து ஒளியை மின்குறியாக மாற்றும் அந்தச் சிறு தகட்டின் பருமன் எவ்வளவு என்பதை மாத்திரம் பெரும்பாலும் சொல்லார். ஒளியுணரி எனப்படும் அத்தகட்டைப் பற்றியே இவ்வாரம் சிறிது கூற எண்ணுகிறோம்.

நிழற்படத்துக்கு இருட்டு அத்துணை பெரிய இடையூறன்று. கமெராவை முக்காலித் தாங்கியில் நிறுத்தி, இரண்டு செக்கன் வரை ஒளியை உள்ளே விட்டாற் போதும். ஓடும் படத்துக்கு அந்தச் சலுகை இல்லை. செக்கனுக்கு 25 படம் பிடிக்கும் கருவியில், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு செக்கனில் 25இல் ஒரு பங்குக்கு மேற் கிடைக்காது. அசைவு இயல்பாகத் தோன்றும் பொருட்டு 50இல் ஒரு பங்கையே பெரும்பாலும் கொள்வர். அந்த இமைப்பொழுதில் தகட்டின்மீது விழும் ஒளி எவ்வளவோ, அவ்வளவே. அது போதாதபோது கருவி மின்குறியைப் பெருக்கும். பெருக்கவே, நிழல் விழுந்த இடங்களிலெல்லாம் எறும்பு மொய்த்தாற்போலப் புள்ளிகள் துடிக்கும். குத்துவிளக்கின் ஒளியில் பாட்டியார் பேரனுக்கு ஆரத்தி எடுக்கிறார். படத்திலோ அவர் முகம் சேறு பூசினாற்போல இருக்கிறது. பிறந்தநாளை மறுபடியும் நடத்தி எடுக்க இயலுமா? அடுத்த ஆண்டும் பாட்டியார் இருப்பாரென்று எவர் உறுதி கூறுவார்? பெரிய தகடு, ஒளியை மிகுதியாக வாங்கும் அகன்ற பாத்திரம் போன்றது என்பதே இதில் உள்ள சூக்குமம்.

மெகாபிக்சல் கணக்கைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. 4கே எனப்படும் வீடியோவுக்கு வேண்டுவன ஏறத்தாழ 83 இலட்சம் படப்புள்ளிகளே. அதற்கு மேற்பட்டவை பெரும்பாலும் நிழற்படத்துக்கே பயன்படும்.

இனி, அளவைக் குறிக்கும் முறையில் உள்ள வேடிக்கையைக் கேளுங்கள். ஒருகாலத்தில் தொலைக்காட்சிக் கமெராக்களுள் விடிக்கன் என்னும் கண்ணாடிக் குழாய் இருந்தது. குழாயின் வெளிவிட்டம் ஓரங்குலமாயின், உள்ளே படம் விழும் பரப்பின் மூலைவிட்டம் ஏறத்தாழ 16 மில்லிமீற்றரே. குழாய்கள் மறைந்தொழிந்தன, அளவுமுறையோ மறையவில்லை. ஆதலால் இன்று "1 அங்குலம்" என்று விளம்பரம் செய்யப்படும் உணரி 13.2 மில்லிமீற்றர் நீளமும் 8.8 மில்லிமீற்றர் அகலமும் உடையது. 25 மில்லிமீற்றரை அதில் எங்கே தேடினும் காணோம்! சிறு கமெராக்களிற் காணப்படும் 1/2.3 அங்குல உணரியோ 6.2க்கு 4.6 மில்லிமீற்றர். பின்னத்தின் கீழெண் பெருகப் பெருகத் தகடு சிறுக்கும் என்பதை மறவாதிருத்தல் நன்று.

அப்படியாயின் பெரியதையே வாங்கிவிடலாமே என்பீர்கள். அவசரப்பட வேண்டா. சோனி நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஏ.எக்ஸ். 100 கமெராவில் 1 அங்குல உணரி; 2016இல் வெளியிட்ட ஏ.எக்ஸ். 53இல் 1/2.5 அங்குல உணரி. பரப்பளவில் முன்னது ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆனால் வில்லையையும் பார்க்க வேண்டுமன்றோ? வில்லைத் துவாரத்தைக் குறிக்கும் "எப்" எண் குறையக் குறைய ஒளி மிகும். ஸூம் செய்யாதபோது பெரியதன் எண் 2.8, சிறியதன் எண் 2.0. அந்த வேறுபாட்டினால் சிறிய கருவியின் வில்லை, தகட்டின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரிலும் இரு மடங்கு ஒளியைப் பாய்ச்சுகிறது. எனவே நான்கு மடங்கு இலாபம் இரண்டாகச் சுருங்குகிறது. மேலும் பெரியதன் ஸூம் 12 மடங்கு. சிறியதன் ஸூம் 20 மடங்கு. கை நடுக்கத்தைச் சமன்செய்ய, வில்லையும் உணரியும் ஒருங்கே அசையும் அமைப்பும் சிறியதிலேயே உண்டு. வெளிவந்த காலத்தில் அதன் விலை ஏறத்தாழ 1,000 அமெரிக்க டொலர். மற்றையதன் விலை அதனினும் இரு மடங்கு.

பாடசாலை மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து, மேடையில் நிற்கும் மகளைப் படமெடுக்கும் தந்தைக்குச் சிறிய உணரியே உற்ற துணை. மேடை விளக்கு பிரகாசமானது. அவருக்கு வேண்டுவது நீண்ட ஸூமும் நடுக்கமின்மையுமே. வீட்டுக்குள், மாலை வேளையில், அண்மையில் நின்று எடுப்பவருக்கு 1 அங்குலம் கொடுக்கும் காசுக்குத் தகும். அதற்கும் மேலே, 36க்கு 24 மில்லிமீற்றர் முழுச்சட்ட உணரிகளை வீட்டுப் பாவனைக்கு நாம் பரிந்துரையோம். வில்லை பாரமாகும்; குவியத்தின் ஆழமும் குறுகும். ஆடும் பிள்ளை இரண்டடி முன்வந்தால் முகம் மங்கக்கூடும். திரைப்படக்காரருக்கு அது அழகு. குவியத்தைத் திருத்தவென்றே ஓர் உதவியாளர் அவர்களுக்கு உண்டு. நமக்கு எவர் உளர்?

கைத்தொலைபேசி இருக்கக் கமெரா எதற்கு என்ற வினாவும் நியாயமானதே. ஷியோமி நிறுவனம் 2022இல் தன் 12எஸ் அல்ட்ரா தொலைபேசியிலேயே 1 அங்குல உணரியை வைத்துவிட்டது. ஆயினும் அது முதன்மை வில்லைக்கு மாத்திரம். தொலைவைக் கிட்டக் கொணரும் வில்லைக்குப் பின்னால் இருப்பது அதனிற் சிறிய தகடு; மண்டபத்தின் பின்வரிசையில் இந்த வேறுபாடு புலப்படும்.

கடையில் எந்தக் கருவியும் நன்றாகவே தோன்றும்; அங்கு விளக்குகளுக்குப் பஞ்சமில்லை. மேசைக்கு அடியிலோ, களஞ்சிய அறையின் மூலையிலோ இரண்டு நிமிடம் எடுத்துக் காட்டுமாறு கேளுங்கள். அதனைக் கருவியின் சிறு திரையிற் பாராது, அங்குள்ள பெரிய தொலைக்காட்சியில் இட்டுப் பாருங்கள்.