ரேஷியோ 1 வரும்வரை மூடாதீர்கள்!

எங்கள் திருப்பூர்ப் பக்கம் மொய் வாங்கியவர் திருப்பிச் செய்யாவிட்டால் பேச்சு வரும். டோரன்ட்டும் அப்படித்தான் என்பேன்.

பிராம் கோஹன் 2001-ல் உருவாக்கிய பிட்டோரன்ட் முறையில், டவுன்லோட் செய்பவரே மற்றவர்களுக்கும் அப்லோட் செய்கிறார். 700 எம்பி பெற்று 700 எம்பி தந்தால் ரேஷியோ 1. உறுப்பினர்களுக்கு மட்டுமான டிராக்கர்களில் இது குறைந்தால் உங்களை நீக்கிவிடலாம்.

அதற்காகப் புதுப்படங்களை அப்லோட் செய்யாதீர்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

உபுண்டு, டெபியன் லினக்ஸ் ஃபைல்கள் முறைப்படியே டோரன்ட்டில் கிடைக்கின்றன. அப்லோடை உங்கள் இணைப்பின் அப்லோட் வேகத்தில் 80 சதவீதத்துடன் நிறுத்துங்கள், பிரவுசிங் தடுமாறாது. அங்கே ரேஷியோவை யாரும் கேட்கமாட்டார்கள். இருந்தாலும் 1 வரும்வரை மூடாதீர்கள்.