பொடி வைத்த பெரியப்பா

ஆனி மாசம் காரைக்கால் மாங்கனித் திருவிழாவைத் தவறவிட மாட்டேன். பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். ஒன்றைப் பிடிப்பதற்குள் நாலு முழங்கை இடி நிச்சயம். போன முறை பெரியப்பாவும் கூட வந்தார், செருப்பில்லாமல்.

அவருக்குப் பதினைந்து வருஷ சர்க்கரை. (இதில் அதிசயமில்லை. 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் பெரியவர்களில் 26.3 சதவிகிதம் பேருக்கு இருக்கிறது.) உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும். ராத்திரி போர்வை பட்டாலே துள்ளுவார். இப்போதோ முகத்தில் தனி தேஜஸ்.

"எரிச்சல் போயே போச்சுடா! வெந்தயம், கருஞ்சீரகம், பட்டை, மஞ்சள் எல்லாம் சேர்ந்த பொடி. டப்பா நானூறு ரூபாய். மாத்திரையை நிறுத்திட்டேன். அதெல்லாம் கெமிக்கல்!"

பி.காம். படித்தவன் டப்பாவைப் பார்த்தால் முதலில் விலை, அப்புறம் லேபிள். எது எத்தனை கிராம்? அது மட்டும் இல்லை. கேட்டால் பரம்பரை ரகசியமாம்.

அவர் நிறுத்தின மெட்ஃபார்மினுக்கும் பூர்வீகம் ஒரு செடிதான். ஐரோப்பாவில் கலேகா என்பார்கள். அதிலிருந்த சரக்கைத் தடம் பிடித்துப் போய்ச் செய்த மருந்து. 1954-ல் காரைக்காலை விட்டுப் போன பிரெஞ்சுக்காரர்களின் நாட்டைச் சேர்ந்த ழான் ஸ்டெர்ன் என்ற டாக்டர், 1957-ல் பாரிஸில் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். வித்தியாசம், அளந்து கொடுத்தார்.

பட்டையையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2003-ல் பாகிஸ்தானில் அறுபது பேருக்கு நாற்பது நாள் கொடுத்ததில் சர்க்கரை குறைந்தது. 2012-ல் காக்ரேன் குழு பத்து ஆய்வுகளைச் சேர்த்து அலசி, 'ஆதாரம் போதாது' என்று கையை விரித்துவிட்டது. மிளகாய்க்கு மட்டும் யோகம். அதன் காரச் சத்தை வைத்த பட்டையை, சர்க்கரைக்காரர்களின் கால் வலிக்கு டாக்டர் ஒட்டலாம் என்று 2020-ல் அமெரிக்கா அனுமதித்தது. ஒட்டத்தான், விழுங்க அல்ல.

வீடு திரும்பினோம். திண்ணையிலிருந்து கூடம் வரை சிவப்புச் சிவப்பாய்ப் பாதத் தடம். குதிகாலில் கண்ணாடிச் சில்லு.

"பெரியப்பா, வலிக்கலையா?"

"எங்கேடா?"

டாக்டரிடம் ஓடினோம். சர்க்கரை 340. சில்லை எடுத்துக் கட்டுப் போட்டவர், "எரிச்சல் நின்னா குணம்னு அர்த்தமில்லீங்க. நரம்பு செத்திருந்தாலும் எரியாது" என்றார். அப்புறம் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார்.

"ஐயா, கண்ணை மூடிக்குங்க. கால்ல தொடும்போது சொல்லுங்க."

பெரியப்பா மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம் ஆயிற்று.

"எப்ப சார் ஆரம்பிக்கப் போறீங்க?"

டாக்டர் அதற்குள் எட்டு இடம் தொட்டிருந்தார்.