குணசேகரன் எந்த எழுத்தில் தொடங்குகிறார்?



சிலாங்கூரின் மேரி, நைஜல் கார்டனர், மின்யாக் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டியின் பெயர்களை இணையத்தில் தேடும் இளையோரைப் பார்க்கிறேன். ஆவணம் எங்கோ இருந்தாலும் தேடுபொறி கைவிட்டுவிடுகிறது.

காரணம், தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர்களைக் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதினார். குணசேகரன் ஒரு தாளில் 'ஜி'யில் தொடங்குவார், மறுதாளில் 'கே'யில். ஒலி ஒத்த பெயர்களைச் சேர்க்க அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை, முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சிய மெய்களை மட்டுமே எண்ணாக்கும். ஆக, ஒரே மனிதர் இருவராகிறார். ழகரத்துக்கு 'இசட்' போட்டுவிட்டால் தமிழ்ச்செல்வனும் தொலைந்தார். போதாததற்கு, தேடல் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம்! நமக்கு ஏது அது? 'மகன்' என்பதற்கு 'ஏ/எல்' போட்டு அப்பா பெயர்தானே?

தமிழில் தட்டச்சு செய்தால் சாத்தியமான எல்லா ரோமன் வடிவங்களையும் தானே தேடும் பெட்டி வேண்டும். பேசினாலும் புரிந்துகொண்டால் பாட்டிமாருக்கும் உதவும். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறனின் நாடான மலேசியாவில் இது எட்டாக் கனி இல்லை.

தேசிய ஆவணக் காப்பகமோ பல்கலைக்கழகங்களோ இதில் இறங்கினால், நிரலாளர்களுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற கிராணிகளையும் உட்கார வையுங்கள். எந்தப் பெயரை எப்படியெல்லாம் எழுதினார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

வாசகர்,
புக்கிட் பெருந்துங், சிலாங்கூர்