தோல் ஷாப்புக்கு ஒரு நீதி, டேட்டா சென்டருக்கு ஒரு நீதியா?



1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதியை நம் வாலிபர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? உங்கள் அத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். தோல் வியாபாரத்தில் இருந்த குடும்பம் என்றால் பெருமூச்சோடு சொல்வார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் அது. வடஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். என்று அன்று பெயர் பெற்றிருந்த ஐந்து மாவட்டங்களிலும் ஒவ்வொரு தோல் ஷாப்பும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்யாத ஷாப்பு ஓடக் கூடாது. கெடுத்தவனே கெடுதலுக்கான செலவைச் சுமக்க வேண்டும் என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு உத்தரவிட்டது. இந்தத் தொழிலில் இருந்தவர்களில் பெரும்பகுதி நம் சமுதாயத்தார். மூடியவர்கள் மூடினார்கள், தாக்குப் பிடித்தவர்கள் கடன் வாங்கிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பங்கு கட்டினார்கள்.

அந்தத் தீர்ப்பை அநியாயம் என்று சொல்ல நான் வரவில்லை. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப் போயிருந்தன. கிணறு இழந்த விவசாயியின் கண்ணீருக்கு ஜாதி மதம் கிடையாது. நாமும் தீங்கு செய்யக் கூடாது, பதிலுக்குப் பதில் என்றும் தீங்கு செய்யக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி. நம்மவர் செய்தார் என்பதற்காக அதை மறைத்துப் பேசுவது தவறு.

ஆனால் ஒரு கேள்வியை யோசித்துப் பாருங்கள். மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் பதனிட்டவனிடம் "தண்ணீரைக் கெடுத்தால் கட்டு" என்று சொன்ன அதே அரசாங்கம், இன்று "வா, வரியே வேண்டாம், வந்து இறங்கு" என்று யாரை வரவேற்கிறது?

டேட்டா சென்டர் என்னும் தரவு மையங்களைத்தான் சொல்கிறேன்.

உங்கள் கடை வாசலில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையில் வாடிக்கையாளர் 50 ரூபாய் அனுப்புகிறார். அந்தக் கணக்கு எங்கே போய்ச் சேருகிறது? ஆகாயத்தில் மேகம் எதுவும் இல்லை சகோதரர்களே! ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக ஓடும் கட்டடம் ஒன்றில்தான் அது பதிவாகிறது. பணப் பரிமாற்ற விவரங்களை இந்தியாவுக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் உத்தரவிட்டது. அதன் பிறகு இந்தக் கட்டடங்களின் தேவை இன்னும் கூடியது. கடல் வழியாக வரும் கேபிள்கள் சென்னையில் கரையேறுவதால் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் அவை பெருகின. இவை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. நாம் எல்லோரும் பயன்படுத்துகிறோம்.

சலுகைகளைப் பாருங்கள். தமிழக அரசு 2021-ல் தரவு மையங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அதில் ஐந்து ஆண்டுகளுக்கு மின்சார வரிச் சலுகை, முத்திரைத் தீர்வையில் சலுகை. காற்று, சூரிய ஒளி மின்சாரத்துக்கு ஊக்கம். 2022 மத்திய பட்ஜெட்டில் இவற்றுக்கு உள்கட்டமைப்பு அந்தஸ்து கிடைத்தது. அதனால் நீண்ட காலக் கடன் எளிதாகிறது. (வட்டியைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம்.) 2026 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இந்தியாவிலுள்ள தரவு மையங்களைக் கொண்டு உலகுக்கெல்லாம் சேவை விற்கும் அந்நியக் கம்பெனிகளுக்கு 2047 வரை வரி விடுமுறை என்று அறிவித்தார். இந்திய வாடிக்கையாளருக்கு விற்பதை இந்திய நிறுவனம் மூலமாகச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை அந்த அறிவிப்பில் இருந்தது. தண்ணீரைப் பற்றி நிபந்தனை இருந்ததா? இல்லை!

தண்ணீருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஓடுகிற கம்ப்யூட்டர் சூடாகும். அந்தச் சூட்டைத் தண்ணீரை ஆவியாக்கித் தணிப்பது ஒரு முறை. ஒரு யூனிட் மின்சாரத்தின் சூட்டை அப்படி வெளியேற்ற ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். ஒரு மெகாவாட் மையம் ஒரு நாளில் 24,000 யூனிட் இழுக்கும். அதற்கு 36,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி மூன்று. 30 மெகாவாட் மையம் முழு வேகத்தில் ஓடினால் நாளொன்றுக்கு 10 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் இது சுமார் 19,600 பேரின் தண்ணீர். காற்றாலேயே குளிர்விக்கும் முறையும் உண்டு. தண்ணீர் மிச்சமாகும், மின்சாரச் செலவு கூடும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கம்பெனி லாபக் கணக்குப் போடும். சலுகை கொடுக்கும் அரசாங்கம்தான் அந்தக் கணக்கை மாற்ற முடியும்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு சென்னை மக்கள் குடத்தோடு வரிசையில் நின்றது மறந்துவிட்டதா?

இனி நம் மார்க்கம் சலுகையைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில் அரசுக்கென்று ஒதுக்கிய மேய்ச்சல் நிலம் இருந்தது. அதற்குப் பொறுப்பாளராக ஹுனை என்ற தம் ஊழியரை வைத்தார்கள். அவருக்கு அவர்கள் இட்ட கட்டளை புகாரியில் பதிவாகியிருக்கிறது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவனை உள்ளே விடு. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபின் மந்தையையும் உஸ்மான் பின் அஃப்பானின் மந்தையையும் விடாதே என்பது அதன் கருத்து. யார் இவர்கள்? சுவர்க்கத்து நன்மாராயம் பெற்ற சஹாபாக்கள்! அவர்கள் மேல் உமருக்குக் கோபமா? இல்லை. அவர்களுடைய கால்நடை அழிந்தால் பேரீச்சந் தோட்டமும் விளைநிலமும் இருக்கிறது. ஏழையின் நாலு ஆடு செத்தால் அவன் பிள்ளை குட்டிகளோடு கலீஃபாவின் வாசலில் வந்து நிற்பான். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுக்க வேண்டி வரும். அதைவிடப் புல்லும் தண்ணீரும் கொடுப்பது இலகு என்று உமர் (ரலி) கணக்குப் போட்டார்கள்.

தமிழகத்தில் 2022-லும் 2024-லும் மின் கட்டணம் ஏறியபோது ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வியாபாரியும் திண்டுக்கல் பூட்டுப் பட்டறைக்காரரும் கட்டினார்கள். எவருடைய மந்தை உள்ளே போகிறது, எவருடையது வெளியே நிற்கிறது என்று நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள். பெரிய தரவு மையத்தைக் கட்டி முடித்த பிறகு அங்கே வேலை பார்ப்போர் சில நூறு பேரைத் தாண்டுவது அரிது.

கொடுத்த சலுகையைத் திரும்ப வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். அப்யள் பின் ஹம்மால் (ரலி) என்பவர் யமன் தேசத்து மஃரிபிலுள்ள உப்பு நிலத்தைத் தமக்குத் தரும்படி கேட்டார். நபிகள் நாயகம் (ஸல்) கொடுத்துவிட்டார்கள். அவர் எழுந்து சென்ற பின், சபையிலிருந்த ஒருவர், அது வற்றாத நீரூற்றுப் போன்றது, எல்லாருக்கும் பயன்படுவது என்று எடுத்துச் சொன்னார். உடனே நபியவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. அந்தச் சபையில் எழுந்து பேசிய மனிதரைக் கவனியுங்கள் வாலிபர்களே! அவர் பேசாமல் இருந்திருந்தால்?

இன்றைய உலகத்திலும் உதாரணம் உண்டு. ஸ்வீடன் நாடு 2017-ல் தரவு மையங்களுக்கு மின்சார வரியை வெகுவாகக் குறைத்தது. 2023 ஜூலையில் அந்தச் சலுகையை ரத்துச் செய்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2019-ல் வரி விலக்குக் கொடுத்தபோதே, குறிப்பிட்ட காலத்துக்குள் கரியமிலச் சமநிலையோ பசுமைக் கட்டடச் சான்றோ காட்ட வேண்டும் என்று சட்டத்தில் எழுதி வைத்தது. ஆக, நிபந்தனை போட்டால் கம்பெனி ஓடிவிடும் என்று நம்மைப் பயமுறுத்துவோர் பேச்சை நம்ப வேண்டாம்.

"நாங்கள் பசுமை மின்சாரம்தான் வாங்குகிறோம்" என்று காகிதம் காட்டுவார்கள். பகலில் சூரிய மின்சாரத்துக்குக் கணக்கு எழுதி, இரவில் நிலக்கரி மின்சாரத்தில் ஓடுவது எந்தத் தராசு? வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்து அளப்பவர்களுக்கு என்ன கேடு என்று முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை ஓதுகிற வியாபாரிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் சாக்கடை நீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் 2019-ல் வந்துவிட்டன. வரிச் சலுகை வேண்டுமா, அந்தத் தண்ணீரை வாங்கு. நிலத்தடி நீரைத் தொடாதே. மாதா மாதம் தண்ணீர் மீட்டரையும் மின்சார மீட்டரையும் ஊரறிய வெளியிடு. தவறினால் விட்டுக் கொடுத்த வரியைத் திருப்பிக் கட்டு. இதுதான் நம் கோரிக்கை. தோல் ஷாப்புக்காரனுக்கு அரசு கொடுத்த மானியம்கூடச் சுத்திகரிப்பு நிலையம் கட்டத்தானே கொடுத்தது?

தொப்பம்பட்டிக்கு இதில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். தென் மாவட்டங்களுக்குத் தொழில் வர வேண்டும் என்று அரசு கூடுதல் சலுகை கொடுக்கிறது. நமக்குத் தொழில் வேண்டும்தான். ஆனால் தொப்பம்பட்டி ஒன்றியத்தில் ஆழ்துளைக் கிணற்றை நம்பி வெள்ளாமை செய்கிற பூமியில், எவன் வந்தாலும் முதல் நாளே தண்ணீர்க் கணக்கைக் கேட்க வேண்டும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். தொப்பம்பட்டி, கீரனூர் சுற்று வட்டார ஜமாஅத் வாலிபர்கள் மற்ற சமுதாய விவசாயிகளையும் சேர்த்துக் கொண்டு போங்கள். "தண்ணீர் மீட்டர் வெளியிடாத எந்தக் கம்பெனிக்கும் வரிச் சலுகை கூடாது" என்று ஒரு தீர்மானத்தை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் பதிவேட்டில் ஏறாது. தீர்மான எண்ணையும் நகலையும் கேட்டு வாங்கி, சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.