கோடு சொல்லும் சேதி

சனிக்கிழமை மாலையில் சென்னையிலிருந்து தெற்கே புறப்படும் ரயில்களில் ஏறியவர்களுக்குத் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இறங்கும் கூட்டம் எப்படிப்பட்டது என்பது தெரியும். கட்டட வேலைக்குப் போனவர்கள், காலேஜில் படிக்கும் பிள்ளைகள், காரியாலய உத்தியோகஸ்தர்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்புகிறார்கள். அவர்களில் எவரேனும் ஒருவர், டிக்கெட் வாங்காத பிரயாணி ஒன்றையும் ரத்தத்தில் சுமந்து வரக்கூடும். சென்னையின் கிணறுகளிலும் மாடித் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகும் அனாபிலிஸ் கொசு ஏற்றிவிட்ட மலேரியாக் கிருமிதான் அது.

இந்தப் பிரயாணியைப் பிடிக்கும் வித்தையில் நம் நாட்டுக்குப் பழைய பாத்தியதை உண்டு. 1897-ம் வருஷம் ஆகஸ்டு 20-ந் தேதி, ஸிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்தக் கொசு கடித்தது ஹுசேன் கான் என்ற நோயாளியை. கொசு ஒன்றுக்கு ஓரணா அவருக்குக் கூலி. ராஸுக்கு 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஹுசேன் கானுக்குக் கிடைத்தவை அந்தச் சில அணாக்களே!

ஜுரம் என்றதும் கொயினாவைக் கொடுத்த காலம் போயிற்று. இப்போது விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சிறிய அட்டையில் விட்டால், சுமார் 15, 20 நிமிஷத்தில் கோடு தெரிகிறது. அட்டை கிருமியைப் பார்ப்பதில்லை; கிருமி ரத்தத்தில் விட்டுச் செல்லும் புரதத்தையே பார்க்கிறது. திருடன் அகப்படாவிட்டாலும் அவன் காலடித் தடம் அகப்படுவது போல.

தடங்கள் முக்கியமாக இரண்டு. ஹெச்.ஆர்.பி.2 என்ற புரதம் மூளையைத் தாக்கக்கூடிய பால்ஸிபாரம் கிருமிக்கே உரியது. எல்.டி.ஹெச். என்பது சர்க்கரையை உண்டு ஜீவிக்க எல்லா மலேரியாக் கிருமிகளுக்கும் வேண்டிய ஒரு நொதி. தமிழ்நாட்டில் அதிகமாய்க் காண்பது வைவாக்ஸ் என்ற மற்றொரு ஜாதி. ஆகவே முதல் தடத்தை மட்டும் தேடும் அட்டை, நம் பக்கத்து நோயாளிகளில் பெரும்பாலோருக்கு "இல்லை" என்றே சொல்லும். இதனால்தான் தேசீயத் திட்டத்தில் 2013 முதல் இரு ஜாதிகளையும் காட்டும் அட்டைகள் புகுந்தன. இவ்வட்டைகள் இந்தியாவிலேயே தயாராகின்றன என்பது திருப்தியளிக்கும் விஷயம்.

ஆனால் நேயர்கள் கோட்டை வேதவாக்காக எண்ணிவிடலாகாது. ரத்தத்தில் கிருமி சொற்பமாயிருந்தால் கோடு தோன்றாது. ஹெச்.ஆர்.பி.2-ஐ உண்டாக்கும் ஜீனையே இழந்துவிட்ட பால்ஸிபாரம் கிருமிகள் பெரு நாட்டின் அமேசான் பிரதேசத்தில் இருப்பது 2010-ல் வெளியாயிற்று. பிறகு இந்தியாவிலும் சில இடங்களில் அவற்றைக் கண்டார்கள். மறுபுறம், நோய் தீர்ந்து சில வாரங்கள் வரை அந்தப் புரதம் ரத்தத்தில் தங்குவதால், குணமானவருக்கும் கோடு தெரியலாம். "இல்லை" என்பதும் முடிவல்ல. "உண்டு" என்பதும் முடிவல்ல.

இவற்றைவிடப் பெரிய தந்திரம் வைவாக்ஸினுடையது. ஈரலில் அது மாதக்கணக்கில் உறங்கும். அப்போது ரத்தத்தில் தடமே இராது. எந்த அட்டையும் அதைக் காட்டாது. சித்திரையில் சென்னையில் கடித்த கொசுவின் பலன் ஐப்பசியில் திண்டிவனத்தில் தெரியலாம். வீட்டார் அதை மழைக்காலத்து ஜுரம் என்று கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்!

ஆகையால் குடும்பத்தாருக்கு நாம் சொல்ல விரும்புவன மூன்று. குளிரும் நடுக்கமுமாக ஜுரம் வந்தால் அன்றே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் சென்று ரத்தம் கொடுங்கள். சென்ற மாதங்களில் எந்தெந்த ஊரில் தங்கினீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அட்டை "இல்லை" என்றும் ஜுரம் நிற்கவில்லையென்றால், பூதக்கண்ணாடியில் பார்க்கும் ரத்தப் பரீட்சையை மறுபடி செய்யச் சொல்லுங்கள். வைவாக்ஸ் என்று தெரிந்து, ஈரலில் உறங்கும் கிருமிக்கு வைத்தியர் 14 நாள் மாத்திரை கொடுத்தால், நாலாம் நாள் ஜுரம் விட்டதென்று நிறுத்தாதீர்கள். அம்மாத்திரை கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆகாது. அவர்களைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

2030-க்குள் மலேரியாவை ஒழிப்பதென்று பாரதம் சங்கல்பம் செய்திருக்கிறது. அண்டையிலுள்ள இலங்கை 2016-லேயே மலேரியா அற்ற நாடென்ற பெயரைப் பெற்றுவிட்டது. நம்மால் மட்டும் ஆகாதா? சர்க்கார் அட்டையைத் தரலாம். பாதியில் நின்ற மாத்திரையை விழுங்க வேண்டியவர்கள் நாமேயல்லவா?