ஓடுகிற அம்மாவைக் கேலி செய்வதற்கு முன்



பதிவு கொஞ்சம் நீளம். காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கீழே வந்து கருத்து போடுகிறவர்களுக்கு அன்றும் நான் மதிப்பெண் போட்டதில்லை, இன்றும் போடமாட்டேன்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் ஒரு பெண் கேள்வி கேட்டிருந்தாள். கைக்குழந்தைக்கு ஏழு மாதம். கர்ப்பமாவதற்கு முன் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடியவள். இப்போது அம்மா வீட்டுக்கு, நம் திருக்கழுக்குன்றத்துக்கு வந்திருக்கிறாள். "குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே ஓடுகிற ஜாகிங் ஸ்ட்ரோலர் என்று ஒன்று இருக்கிறதாமே, எது வாங்கலாம்?" கேள்வி இவ்வளவுதான்.

வந்த பதில்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். முதல் ரகம்: "பிள்ளை பெத்தவளுக்கு ஓட்டம் ஒரு கேடா?" இரண்டாவது ரகம்: "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நம்ம ஊருக்கு ஆகாது." மூன்றாவது ரகம்: "இந்தா லிங்க், மூணு சக்கரம், விலையும் கம்மி, உடனே வாங்கிப்போடு."

மூன்று பேர் மேலும் எனக்குக் கோபம். மூன்றாமவர் மேல்தான் அதிகக் கோபம். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் ரகத்துக்கு வருவோம். பிள்ளை பெற்ற உடம்பு பத்தியத்திலும் படுக்கையிலும் மட்டும்தான் தேறும் என்று யார் சொன்னது? உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பிரசவித்த பெண்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. மருத்துவத் தடை எதுவும் இல்லாதவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்யவேண்டும் என்கிறது அது. ஓட்டத்துக்கு அவசரம் கூடாது. பிரசவித்துக் குறைந்தது மூன்று மாதமாவது போகட்டும், டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு தொடங்கு என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இவளுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது, டாக்டரும் சரி என்று சொல்லிவிட்டார். அப்புறம் உங்களுக்கு என்ன வலி?

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தக் குழுவில் கேலி செய்தவர்களில் பாதிப்பேர் சொந்தக் குழந்தையை பைக் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்துச் செங்கல்பட்டுக்குப் போய்வருகிறவர்கள். நான் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு ஹெல்மெட் இல்லை, கட்டும் பட்டை இல்லை. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை போடவேண்டும், ஹெல்மெட் போடவேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி கொண்டுவந்தது. ஓராண்டு கழித்து அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. எத்தனை பேர் பின்பற்றுகிறீர்கள்? அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற உங்களுக்குத் தெரியாத ஆபத்து, எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற அவளிடம் மட்டும் தெரிகிறதா?

இரண்டாவது ரகம், "நம்ம பழக்கம் இல்லை" என்பவர்கள். நடைவண்டி யாருடைய பழக்கம்? தச்சரிடம் சொல்லி மூன்று சக்கரம் வைத்து மரத்தில் செய்து வாங்கினோமே, அது எந்த நாட்டு இறக்குமதி? பிள்ளைத்தமிழில் ஆண்பால் பருவங்களில் ஒன்றுக்குப் பெயரே சிறுதேர். குழந்தையும் சக்கரமும் நமக்குப் புதிய சொந்தம் இல்லை. அதில் குழந்தை தள்ளியது, இதில் தாய் தள்ளுகிறாள்.

ஓடுகிற வண்டி மட்டும் வெளியிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா ஊரில் ஃபில் பெக்லர் என்ற பத்திரிகையாளர், தன் மகனையும் கூட்டிக்கொண்டு ஓடவேண்டும் என்பதற்காக, குழந்தை வண்டியில் சைக்கிள் சக்கரத்தைப் பொருத்திப் பார்த்தார். 1984ல் அதையே தொழிலாகத் தொடங்கினார். கவனியுங்கள், அதைச் செய்தது ஒரு அப்பா. அதை யாரும் குழுவில் சொல்லவில்லை.

இனி மூன்றாவது ரகம். லிங்க் அனுப்பிய நல்லவர்களே, உங்களால்தான் குழந்தைக்கு அடிபடும். மூன்று சக்கரம் இருப்பதெல்லாம் ஓட்ட வண்டி ஆகிவிடாது. கடைக்காரர் "ஜாகர்" என்று பெயர் ஒட்டிவிட்டால் மட்டும் ஓடுவதற்கு ஆகிவிடாது. நீங்கள் அனுப்பிய படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். சாத்துக்குடி அளவுக்குப் பிளாஸ்டிக் சக்கரம், முன்சக்கரத்தைப் பூட்ட வழியில்லை, இடுப்புக்கு மட்டும் ஒரு பட்டை. அது கடைவீதியில் மெதுவாகத் தள்ளிப்போகும் வண்டி. அந்த வேலைக்கு நல்ல வண்டியாகவே இருக்கலாம். அதை வைத்து ஓடினால் என்ன ஆகும் என்று பாடமாகவே நடத்துகிறேன்.

சக்கரத்தின் அளவு. மாட்டுவண்டிச் சக்கரம் ஏன் ஆள் மார்பு உயரத்துக்கு இருந்தது? வரப்பு, பள்ளம், கல் எல்லாவற்றிலும் ஏறி இறங்கவேண்டும் என்பதற்காக. சின்னச் சக்கரம் சின்னக் கல்லில்கூட முட்டி நின்றுவிடும். சக்கரம் நிற்கும், வண்டி முன்னால் கவிழும், பின்னால் ஓடிவருகிற அம்மா அதன் மேலேயே விழுவாள். அதனால்தான் ஓட்ட வண்டிகளில் பின்சக்கரம் பதினாறு அங்குலம் போல, சின்னப் பிள்ளைகள் சைக்கிள் சக்கரம் அளவுக்கு இருக்கும்.

காற்றடைத்த டயர். பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888ல் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதை முதலில் யாருக்காகச் செய்தார் தெரியுமா? தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் போகவேண்டும் என்பதற்காக. குழந்தையின் உடம்புக்காகப் பிறந்த டயரை, குழந்தையின் வண்டியிலேயே இல்லாமல் செய்து விற்கிறார்கள். நாமும் வாங்குகிறோம்.

முன்சக்கரம். நடக்கும்போது எல்லாப் பக்கமும் திரும்புகிற சக்கரம் வசதி. வேகம் கூடினால் அதே சக்கரம் படபடவென்று ஆடும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளிப் பாருங்கள், புரியும். ஒரு சின்னக் கல் போதும், சக்கரம் சட்டென்று திரும்பி வண்டி சாய்ந்துவிடும். ஆகவே முன்சக்கரம் அசையாததாக இருக்கவேண்டும், அல்லது ஓடும்போது நேராகப் பூட்டக்கூடியதாக இருக்கவேண்டும். இது இல்லாத வண்டியை ஓட்டத்துக்கு எடுக்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

பட்டை. இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் பிடிக்கிற பட்டை வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டினால் குழந்தை முன்னால் மடங்கிவிடும்.

கைக்கயிறும் பிரேக்கும். கைப்பிடியோடு சேர்ந்த ஒரு நாடா இருக்கும், அதை ஓடுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளவேண்டும். தடுக்கி விழுந்தாலும் வண்டி தனியாக ஓடாது. நின்றால் பூட்டுவதற்குக் காலால் அழுத்தும் பிரேக் வேண்டும், இறக்கத்தில் வேகம் குறைக்கக் கைப்பிரேக் இருந்தால் இன்னும் நல்லது. சங்குதீர்த்தக் குளக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு போன் பேசுகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். படிக்கட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் அந்தப் பிரேக் மட்டும்தான் இருக்கும்.

"சரி டீச்சர், பெரிய கம்பெனி வண்டியே வாங்கிவிடுகிறோம்" என்பீர்கள். விலை பல பத்தாயிரம் போகும். அப்போதும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் பிரிட்டாக்ஸ் நிறுவனத்தின் பாப் என்ற பிரபலமான ஓட்ட வண்டிகளில் முன்சக்கரம் ஓடும்போதே கழன்றுகொள்கிறது என்று 2012லிருந்து சுமார் 200 புகார்கள் வந்தன. குறைந்தது 50 குழந்தைகளுக்குக் காயம். அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2018 பிப்ரவரியில் வழக்கே தொடர்ந்தது. சக்கரத்தை மாட்டும் நெம்புகோலைச் சரியாக இறுக்காவிட்டால்தான் கழலும், வண்டியில் குறை இல்லை என்றது நிறுவனம். அதே ஆண்டு நவம்பரில் சமரசமானது. யார் சரி என்ற தீர்ப்பு நமக்கு வேண்டாம். பாடம் மட்டும் போதும்: எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒவ்வொரு நாளும் முன்சக்கரத்தைக் கையால் இழுத்துப் பார்க்கவேண்டும். பழைய வண்டி இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும்.

அடுத்தது வயது. பிறந்த குழந்தையின் தலை, உடம்பு நீளத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அந்தக் கனத்தைக் குலுக்கலில் தாங்கும் பலம் கழுத்துக்கு வந்திருக்கவேண்டும். தயாரிப்பாளர்கள் சிலர் ஆறு மாதம் என்கிறார்கள், சிலர் எட்டு மாதம் என்கிறார்கள். நான் எட்டு மாதம் என்கிற பக்கம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் இன்னும் பொறுக்கவேண்டும். எதுவானாலும் குழந்தை டாக்டரின் வார்த்தைதான் கடைசி வார்த்தை. எட்டு மாதம் ஆகும்வரை அதே வண்டியில் வேகமாக நடக்கலாமே! நடையும் பயிற்சிதான்.

இப்போது பெரிய கேள்வி. எங்கே ஓடுவது?

வண்டி பற்றி நாற்பது பேர் பேசினீர்கள். பாதை பற்றி ஒருவர் பேசவில்லை. செங்கல்பட்டு சாலையில் பஸ்ஸும் லாரியும் போகிற வேகத்தில் அவள் குழந்தையைத் தள்ளிக்கொண்டு ஓடமுடியுமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் கார்கள் பறக்கிற பறப்பைப் பார்த்தவர்கள் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள். மாமல்லபுரம் கடற்கரை என்றார் ஒரு தம்பி. உலர்ந்த மணலில் சக்கரம் புதையும், தம்பி. வண்டியை இழுக்கத்தான் முடியும், ஓடமுடியாது. மலையைச் சுற்றிக் கிரிவலம் போகிற பாதையிலும் வண்டிகள் வரும், ஓடுகிறவரைத் துரத்தும் நாய்களும் உண்டு.

புகையும் ஒரு விஷயம். வண்டியில் குழந்தையின் மூக்கு இருக்கிற உயரத்தில்தான் வாகனங்களின் புகைக்குழாயும் இருக்கிறது. பெரியவர்களைவிட வண்டியில் போகும் குழந்தைகள் அதிக மாசுக் காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்று இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வுகள் சொல்கின்றன. வெயிலுக்கு என்று சிலர் வண்டியைத் துண்டால் மூடுவார்கள். உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறும். மூடாதீர்கள். நம் ஊர் சித்திரை வைகாசியில் காலை ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடவேண்டும்.

அரசுக்குப் பாதை போடத் தெரியாதா? தெரியும். இந்தியச் சாலைக் குழுமத்தின் விதிப்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்கவேண்டும். சென்னை பாண்டி பஜாரில் 2019ல் அகலமான நடைபாதை போட்டுக் காட்டினார்கள். 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைப்பாதைத் திட்டம் தொடங்கினார்கள். நல்ல திட்டம், பாராட்டுகிறேன். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால், அந்த எட்டு கிலோமீட்டருக்குப் போய்ச்சேர ஒரு கைக்குழந்தைக்காரி எத்தனை கிலோமீட்டர் பஸ்ஸில் போகவேண்டும்? நம் தெருவிலிருந்து குளக்கரை வரை கல் தடுக்காமல், கழிவுநீர் மூடியில் சக்கரம் மாட்டாமல் ஒரு பாதை கேட்பது பேராசையா?

"ஒருத்தி ஓடுவதற்கு ஊரே பாதை போடவேண்டுமா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில். குழந்தை வண்டி போகமுடியாத பாதையில் சக்கர நாற்காலியும் போகாது. வாக்கர் பிடித்து நடக்கிற உங்கள் அப்பாவும் போகமுடியாது. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த வசதியை உரிமை என்றே சொல்கிறது. இன்று அவளைக் கேலி செய்கிற உங்களுக்கும் எனக்கும் இன்னும் பத்து வருடத்தில் அதே பாதைதான் தேவைப்படும்.

பாதை வரும்வரை என்ன செய்வது? என் முடிவு இதுதான். வண்டி ஓடத் தகுந்த இடம் இருந்தால் மட்டும் வண்டி. அனுமதி வாங்கிய பள்ளி மைதானம், வாகனம் வராத குடியிருப்பு வளாகம், இந்த மாதிரி. அங்கே ஓடினாலும் காதில் பாட்டு மாட்டக்கூடாது, ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கவேண்டும். அப்படிப்பட்ட இடம் இல்லையென்றால் அந்தப் பணத்தைச் செலவழிக்காதே, மகளே.

ஆனால் ஓட்டத்தை விடாதே. அதற்குத்தான் வீட்டில் ஆள் இருக்கிறது. காலையில் ஐந்தரை மணிக்கு எழுந்து திண்ணையில் பேப்பருக்குக் காத்திருக்கிற தாத்தா இருக்கிறார். வார விடுமுறையில் வந்து எட்டு மணிவரை தூங்குகிற அப்பா இருக்கிறார். நாற்பது நிமிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவர்களுக்கு ஐந்து இடப் பட்டையும் வேண்டாம், காற்று டயரும் வேண்டாம், மனசு இருந்தால் போதும். குழுவில் நாற்பது பதில் போட்டீர்கள். "நீ போய் ஓடிவிட்டு வாம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு பதில்கூட இல்லை. எனக்கு வந்த கோபத்தின் வேர் அதுதான்.

மாணவர்களே, உள்ளாட்சியிலும் நெடுஞ்சாலைத் துறையிலும் வேலை பார்க்கிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். நடைபாதை கேட்டு ஒரு மனு எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு காலை வீட்டுக்கு வந்தால் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். எழுத்துப்பிழை கண்டுபிடிக்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வடை.

மாற்றுக்கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். காரணத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருக்கழுக்குன்றம்